ஒன்று புள்ளி நாலு டிகிரி

கொண்டலாம்பட்டி பைபாஸில், டயர் குடோனுக்குப் பின்னால்,
எங்கள் ஷெட்டில் இரண்டு அடுப்புகள்.
ஒன்று நிஜம். நூற்றெண்பது டிகிரி, ஏழு பார் அழுத்தம்,
மூடினால் எட்டு மணி நேரம் திறக்காது.
இன்னொன்று என் திரையில்.
அதில் இதுவரை நாற்பத்தொரு தடவை
அதே மூலைத்துண்டைச் சுட்டிருக்கிறேன்.
ஒரு சொட்டுப் பிசின் செலவில்லை.

கார்பன் துணி, பதினாறு அடுக்கு.
மென்பொருள் ஒவ்வொன்றாக அச்சின்மேல் விரிக்கிறது.
வளைவில் இழைகள் சரிந்து நெருங்குகின்றன.
பச்சை, மஞ்சள்,
ஓரத்தில் ஓரிடம் மட்டும் சிவப்பு:
இங்கே மடிப்பு விழும்.
அங்கே ஒரு வெட்டு கொடுத்தேன். பச்சையானது.
யாரும் பார்க்காதபோது தப்பைத் திருத்த
எனக்குப் பிடிக்கும்.

ஆறும்போது மூலை உள்வாங்கும்.
இழை சுருங்க மாட்டேன் என்கிறது,
பிசின் சுருங்கியே தீருவேன் என்கிறது,
இருப்பதோ ஒரே உடம்பு.
ஒன்று புள்ளி நாலு டிகிரி என்றது கணக்கு.
அவ்வளவையும் முன்கூட்டியே விரித்து
அச்சு கடையச் சொன்னேன், இரும்பாலை ரோட்டுப் பட்டறையில்.
வெளியே எடுத்தால் தொண்ணூறில் நிற்கவேண்டும்.

நின்றது தொண்ணூறு புள்ளி மூன்றில்.

ஜோயல் சார் கத்தவில்லை.
"உன் சாஃப்ட்வேர்" என்றார்.
அதற்கு வருஷ லைசென்ஸ் எவ்வளவு என்று
என்னிடமே கேட்டார், கையெழுத்துப் போட்டவர்.

மூன்று ராத்திரி.
வலையைப் பொடியாக்கினேன்,
அச்சின் சூட்டை அளந்தேன்,
கம்பிகளைப் பிடுங்கி மாட்டினேன்.
கணக்கு அசையவில்லை. ஒன்று புள்ளி நாலு,
ஒன்று புள்ளி நாலு.

நாலாம் நாள், வேறெதையோ தேடப்போய்,
ஃப்ரீசர் ரெஜிஸ்டர்.
அடுக்குப் போடும் லூர்து மேரியின் சாய்ந்த எழுத்து:
"திங்கள் காலை வந்தப்ப ஃப்ரீசர் சூடா இருந்தது.
சனிக்கிழமையே நின்னிருக்கும்போல.
ரோலைத் தொட்டேன், ஜில்லுனு இல்ல.
இது மூணாவது தடவை."

யாரும் அவளை எழுதச் சொல்லவில்லை.
எழுதாவிட்டால் யாருக்கும் தெரிந்திருக்காது.
கெட்ட ரோலும் நல்ல ரோல் மாதிரியேதான்,
கறுப்பாக, விரலில் கொஞ்சம் ஒட்டி.

மென்பொருளில் ஒரு கட்டம் இருக்கிறது.
அடுப்பில் போகும் முன்பே
பிசின் எவ்வளவு இறுகியிருந்தது என்று கேட்கும்.
வாங்கும்போதே அதில் ஒரு எண் இருந்தது,
கிட்டத்தட்ட சுழியம்.
நாற்பத்தொரு தடவையும் நான் அதைத் தொட்டதில்லை.

சேலத்து மே மாதம், தகரக் கூரை,
மூன்று வார இறுதிகள்.
கூட்டிப் பார்த்து
புள்ளி ஒன்று ஒன்று என்று போட்டு ஓடவிட்டேன்.

ஓடி முடிய முக்கால் மணி நேரம்.
லூர்துவும் நானும் ரோட்டைக் கடந்து
தட்டுவடை செட் வாங்கினோம்.
மேலே ஒரு தட்டு, கீழே ஒரு தட்டு,
நடுவில் பீட்ரூட், கேரட், சட்னி.
"இதுவும் அடுக்குதான்க்கா, அடுப்புக்கே போகாம நிக்குது பாருங்க."
கடித்தவுடன் உடைந்தது. சிரித்தாள்.
பிறகு சிரிக்காமல்:
"நான் எழுதினதுக்கு ஏதாச்சும் சொல்லுவாங்களா?"
தெரியலை என்றேன்.
நிஜமாகவே தெரியவில்லை.

திரும்பி வந்தபோது திரையில்
ஒன்று புள்ளி ஒன்று.
சூடு முழுசாக ஏறும் முன்பே
பிசின் பிடித்துக்கொண்டிருக்கிறது.
அதனால்தான் அவ்வளவு உள்வாங்கவில்லை.

அறிக்கையில் காரணம் என்ற இடத்தில்
ஃப்ரீசர் என்று எழுதினேன்.
ஆதாரம் என்ற இடத்தில்
ரெஜிஸ்டர், பக்கம் அறுபத்து நாலு,
அவள் பெயர்.
அழித்தேன்.
பெயர் இல்லாமல் வாசித்தால்
எல்லாம் நானே கண்டுபிடித்ததுபோல் இருந்தது.
மறுபடி எழுதினேன்.

ஏழரை மணிக்கு ஃபோன் ஒளிர்ந்தது.
நாகலூருக்கு, மலையேறும் பஸ்ஸிலிருந்து:
"பன்னண்டாவது வளைவுல நிக்கிறோம்க்கா.
லாரி ஒண்ணு திரும்ப முடியாம மாட்டிக்கிச்சு.
இங்கயும் ஒரு வெட்டு குடுங்களேன்."